இடது கைப் பத்தி

காலையில் பத்தி ஏற்றி வைத்துவிட்டுக் காந்திமதி அடுக்களை வாசலில் வந்து நிற்பாள். கையில் எனக்குக் காப்பி இருக்கும். டம்ளரை உடனே கொடுக்க மாட்டாள். முதலில் கேட்பாள்.

"எப்படி இருக்கு?"

காப்பியைக் கேட்கவில்லை. வாசத்தைக் கேட்கிறாள். பூஜை அலமாரியிலிருந்து புகை கிளம்பிக் கூடத்துக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுப்பேன். முதலில் கருப்பட்டிப் பாகு இறக்குகிற நேரத்து இனிப்பு. அதன் பின்னால் நனைந்த வெட்டிவேர். கடைசியில், மூச்சை வெளியே விட்ட பிறகு, சந்தனக் கல்லைக் கழுவிக் கவிழ்த்த மாதிரி ஒரு குளிர்ச்சி.

"யார் கைச் சரக்கு? நம்ம சரக்குல்லா!" என்பேன்.

அவள் உதட்டை மடித்துக்கொண்டு டம்ளரை நீட்டுவாள். இருபது வருஷத்துக்கு மேல் எங்கள் வீட்டில் பொழுது இப்படித்தான் விடிந்தது. அந்த உதட்டு மடிப்பை, புருஷன் பெருமையை நினைத்து வருகிற சிரிப்பு என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

போன வருஷம் ஆவணியில் காந்திமதி போய்விட்டாள். மத்தியானம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, உறவெல்லாம் ஊருக்குப் போன பிறகு, மருமகள் உமா கடைப் பெட்டியைப் பிரித்துப் பத்தி ஏற்றினாள். காப்பி கொண்டுவந்து வைத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்.

ஒரு வாசம் வந்தது. அந்த வாசம் வரவில்லை.

என் மூக்கு

இந்தத் தொடரை முதல் வாரத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு என் மூக்கைப் பற்றித் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது நாலாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. பாளையங்கோட்டையில் சைக்கிள் கேரியரில் பெட்டி கட்டி, கோர்ட்டு வாசலிலும் காலேஜ் விடுதிகளிலும் பத்தி விற்றவன். இன்றைக்குத் திருநெல்வேலி டவுன் ரத வீதியில் மூன்று ஷட்டர் போட்ட கடை. ஜங்ஷனில் இறங்கி ஆட்டோக்காரரிடம் 'பத்தி அண்ணாச்சி கடை' என்றால் மறுபேச்சு இல்லாமல் கொண்டுவந்து இறக்குவார். இதை எந்தப் பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுத்தது? மூக்கு சொல்லிக் கொடுத்தது.

அசல் சந்தனத் தூளா, வேறு மரத்தை அரைத்து எண்ணெய் காட்டிய தூளா என்று மூட்டையை அவிழ்க்காமலே சொல்வேன். வெட்டிவேர் மணல் தரையில் வளர்ந்ததா, களிமண்ணில் வளர்ந்ததா என்று சொல்வேன். பெங்களூர் வியாபாரிகள் என்னிடம் மட்டம் சரக்கைத் தள்ளிவிட வந்து, தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போயிருக்கிறார்கள்.

நல்ல பத்தியை எப்படிப் பார்த்து வாங்குவது என்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். ஏற்றிப் பார்க்காதீர்கள், அது கடைசி வேலை. முதலில் அடிக்குச்சியைப் பாருங்கள். மிஷினில் சீவிய குச்சி உருண்டையாக இருக்கும். கத்தியால் கீறிய மூங்கில் குச்சிக்கு நாலு முனை உண்டு. விரலிடுக்கில் உருட்டினால் தட்டுப்படும். கையால் உருட்டிய மாவு நுனிப் பக்கம் துளி மெலிந்திருக்கும். மிஷின் பத்தி, மேலும் கீழும் ஒரே கனம்.

பிறகு முகருங்கள். ஏற்றுவதற்கு முன்பே மூக்கில் வந்து குத்தினால் அது வெறும் பத்தியை வாசனை எண்ணெயில் முக்கி எடுத்தது. மாவிலேயே மருந்துச் சாமான் எல்லாம் சேர்த்து உருட்டிய மசாலாப் பத்தி, ஏற்றும் வரைக்கும் ஊமையாக இருக்கும். ஏற்றுங்கள். எரிந்து முடியட்டும். அறையை விட்டு வெளியே போய், ஒரு வேலையைப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே வாருங்கள். அப்போது என்ன மிச்சம் நிற்கிறதோ அதற்குத்தான் விலை.

இன்னொன்றும் உண்டு. அதை நான் ஒருவன்தான் பார்ப்பேன். மாவு முடிந்து வெறுங்குச்சி தொடங்குகிற இடத்தில் ஒரு சின்னச் சுழி விழும். பலகையில் வைத்து உள்ளங்கையால் உருட்டுகிறவர் கையை எடுக்கிற இடம் அது. எந்த ஊர்ப் பத்தியாக இருந்தாலும் சுழி ஒரே பக்கம்தான் சாயும். எல்லாரும் வலது கையால் உருட்டுகிறார்கள், அதனால்.

படி ஏறாதவள்

கடை வைத்த புதிதில் நானும் மசாலாப் பத்திதான் விற்றேன். வியாபாரம் பெருகப் பெருக அது கட்டுப்படியாகவில்லை. வெறும் பத்தியை லோடாக இறக்கி, வாசனை எண்ணெயில் முக்கி, பெட்டியில் போட்டு, பெட்டி மேல் என் படத்தை ஒட்டி விற்க ஆரம்பித்தேன். ரோஜா, மல்லிகை, தாழம்பூ. கடைப் படிக்குப் பக்கத்தில் பித்தளைத் தட்டில் பத்துப் பத்தியாவது நாள் முழுக்கப் புகைந்துகொண்டிருக்கும். தெருமுனையிலேயே ஆளைப் பிடித்து இழுக்கும்.

காந்திமதி மட்டும் படி ஏற மாட்டாள். சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுவந்தால் எதிர்ச்சாரியில் நின்றுகொண்டு, போகிற வருகிற யாரிடமாவது சொல்லி என்னைக் கூப்பிடுவாள். முந்தானையால் மூக்கை மூடியிருப்பாள்.

பக்கத்துப் பாத்திரக் கடை சண்முகம் கேலி பண்ணுவார். "என்ன வே, மொதலாளியம்மா படியேற மாட்டாவளோ? கடையை அவிய பேர்ல எழுதி வச்சாத்தான் வருவாவளா?"

"அவ அடக்கமானவ வே. புருசன் தொழில் பண்ணுத எடத்துல கால வைக்கக் கூடாதுன்னு நெனைக்கா. ஒம்ம வீட்டு மாதிரியா? கல்லாவுல வந்துல்லா உக்காருதாவ!"

இதை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். நாற்பது வருஷத்தில் அவள் நாலு தடவை கடைக்குள் வந்திருந்தால் அதிகம்.

அவள் போன அன்றைக்கு நானும் குறை வைக்கவில்லை. கடையில் இருப்பதிலேயே விலை கூடின தாழம்பூப் பத்தியைப் பெட்டி பெட்டியாக வரவழைத்தேன். தலைமாட்டில் மரக்கால் நெல்லில் குத்தி, கட்டுக் கட்டாக நானே ஏற்றினேன். ஒன்று அணைய ஒன்று. அவள் முகம் தெரியாத அளவுக்குப் புகை. திருநெல்வேலியில் எந்தப் பெரிய வீட்டு மனுஷிக்கும் அப்படிப் புகை போட்டதில்லை. "அண்ணாச்சி வீட்டம்மா குடுத்து வச்சவ" என்று வந்தவர்கள் தெருவில் நின்று சொன்னது என் காதில் விழுந்தது. அந்த அழுகையிலும் எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

போனது மூக்கா, சரக்கா

வாசம் வராமல் போனதும் எனக்கு மூக்கின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. சண்முகத்திடம் போய்ச் சொன்னேன்.

"வயசாயிட்டு வே. மூக்கு மட்டும் எளமையா இருக்குமா?" என்றார். பிறகு அவருக்கே மனசு கேட்கவில்லை. என் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு இரண்டு செம்புகளை மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது புளி போட்டு வெளக்குனது. அது சாம்பல் போட்டு வெளக்குனது. சாம்பல்காரி வெத்தலை போட்ட கையோட வெளக்கிருக்கா" என்றேன்.

கட்டை அவிழ்த்தபோது சண்முகம் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "நாய்க்கு வச்சிருக்க வேண்டிய மூக்கைக் கடவுள் ஒமக்கு வச்சிட்டான் வே. ஒம்ம மூக்குல கோளாறு இல்ல. சரக்கைப் பாரும்."

பார்த்தேன். அவள் எடுத்து ஏற்றினது என் படம் போட்ட பெட்டியிலிருந்துதான், அதனால் அது என் சேர்மானம் என்றே இருந்துவிட்டேன். பழைய மசாலாக் கணக்கை ஞாபகப்படுத்தி நானே மாவு பிசைந்தேன். சந்தனம், வெட்டிவேர், கிச்சிலிக்கிழங்கு, சாம்பிராணி. கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன். உமா ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டு அடுக்களை வாசலிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

"இதா மாமா?"

"இல்லம்மா."

"இது?"

"இல்ல."

ஆவணியில் தலைத் திவசம். பாபநாசத்தில் ஆற்றில் முங்கித் தர்ப்பணம் கொடுப்பதெல்லாம் மகன் சங்கரின் பொறுப்பு. எனக்கு வேண்டியது ஒன்றுதான். அன்றைக்கு அவள் படத்துக்கு முன்னால் அந்த வாசம் இருக்க வேண்டும். அவள் நின்ற இடத்தில் அவள் இல்லை, சரி. அந்த வாசமுமா இல்லாமல் போகும்? அந்த நினைப்பிலேயே ஆனி மாதமும் ஓடிவிட்டது.

படத்துக்குப் பின்னால்

ஆடி பிறந்ததும் பூஜை அலமாரியைத் துடைக்க உமா படங்களை இறக்கினாள். முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பாதிப் பத்தி கீழே விழுந்தது.

காந்திமதிக்கு அந்தப் பழக்கம் உண்டு. காலையில் பாதி எரிந்ததும் நுனியை நசுக்கி அணைத்து, படத்துக்குப் பின்னால் செருகி வைப்பாள். சாயங்கால விளக்குக்கு ஆகும். பத்திக்காரன் பெண்டாட்டி இப்படிச் சிக்கனம் பிடிக்கிறாளே என்று எனக்குக் கோபம்கூட வரும். கடை நிறைய மலையாகக் குவிந்து கிடக்கிறது, இவள் பாதிப் பத்தியை ஒளித்து வைக்கிறாள்!

உமாவிடமிருந்து வாங்கித் தீக்குச்சி கிழித்தேன்.

கருப்பட்டி இனிப்பு வந்தது. வெட்டிவேர் வந்தது. உமா முகம் மாறியதைப் பார்த்தேன். "மாமா, இது அத்தை..." என்றாள். நான் அடுக்களை வாசலைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

சட்டென்று நெருப்பை விரலாலேயே நசுக்கினேன். விரல் பொத்துப்போனது. மாவு ஒரு அங்குலம்தான் மிச்சம்.

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அடிக்குச்சியில் நாலு முனை. என் கடையில் கீறு குச்சி வந்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. அப்படியானால் இது என் சரக்கே இல்லை. மாவு முடிகிற இடத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

சுழி மறுபக்கம் சாய்ந்திருந்தது.

என் வாழ்நாளில் இடது கையால் பத்தி உருட்டின ஒரே ஒரு ஆளைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

திருப்பி அனுப்பிய சரக்கு

ஆழ்வார்குறிச்சி ஆவுடையம்மாள். அந்தக் காலத்தில் எனக்கு வீட்டில் இருந்தே பத்தி உருட்டிக் கொடுத்தவள். வாரம் ஒரு நாள் செங்கோட்டை ரயிலில் சரக்கைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் இறக்குவாள். நான் எண்ணெய்ப் பத்திக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு தடவை அவள் கொண்டுவந்த கட்டைத் தொட்டேன். விரலில் ஒட்டியது.

"என்ன ஏளா இது, பிசுபிசுங்குது? காய வைக்கலியா?"

"காஞ்சதுதான் அண்ணாச்சி. மலைக்காரங்க மட்டிப்பாலும் தேனும் கொண்டாந்தாவ. நீங்க சொன்ன கணக்குக்கு மேல கொஞ்சம் சேத்துருக்கேன். அது அப்படித்தான் இருக்கும். வச்சு ஏத்துனா..."

மட்டிப்பால் என்பது மலையில் ஒரு மரத்தைக் கீறினால் வடிகிற பிசின். எனக்குத் தெரியாதா? ஆனால் அன்றைக்கு வெளியூர் வியாபாரிகள் இரண்டு பேர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். உருட்டுகிற பொம்பளை எனக்குச் சேர்மானம் சொல்லித் தருவதா?

"நீ எனக்குப் பாடம் எடுக்காத. எடுத்துட்டுப் போ, எல்லாத்தையும். இனி வராத."

ஒரு பத்தியை ஏற்றிக்கூடப் பார்க்கவில்லை. அவள் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓலைப்பெட்டியில் அடுக்கினாள். இடது கையால் அடுக்கினாள். அது இப்போதும் கண்ணில் நிற்கிறது. பின்வாசல் வழியாகப் போனாள்.

ஆழ்வார்குறிச்சியில்

காலை ரயிலில் போனேன். ஆடிச் சாரல் அம்பாசமுத்திரத்திலேயே பிடித்துக்கொண்டது. மேற்கே மலை தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது. அங்குலப் பத்தியைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக் கையால் பொத்திக்கொண்டு நடந்தேன்.

சிதிலமான ஒரு வீட்டையும், இருமிக்கொண்டிருக்கும் கிழவியையும் எதிர்பார்த்துப் போனேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆவுடை வீடு மாடி வீடாக நின்றது. கூடத்தில் ஆறு பெண்கள் பலகை முன்னால் உட்கார்ந்து உருட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொருத்தி அட்டைப் பெட்டிகளில் விலாசம் ஒட்டிக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூர், பெங்களூர், ஒன்று சிங்கப்பூர்.

ஆவுடை நிமிர்ந்து பார்த்தாள். தலை முழுக்க நரை. ஆனால் ஒரே பார்வையில் என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"வாங்க அண்ணாச்சி. மூக்கு சௌக்கியமா?"

பெண்கள் சிரித்தார்கள். நான் காகிதத்தைப் பிரித்து நீட்டினேன்.

"இது யார் கை ஆவுடை?"

அவள் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "ஏங் கைதான். மதினி குடுத்து விட்டாவளா? இந்த விசுவுக்கு ஏன் வரல? நாள் பூரா வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். சரக்கு நல்லால்லன்னு கோவமோன்னுகூட நெனச்சேன்."

அவளுக்குத் தெரியவில்லை.

சொன்னேன். போன ஆவணி, மத்தியானம், தூக்கத்தில் என்று சொன்னேன். ஆவுடை கையில் இருந்த மாவை உதிர்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உருட்டுகிற சத்தம் ஒவ்வொரு பலகையாக நின்றது. வெளியே சாரல் மட்டும் பெய்துகொண்டிருந்தது.

சித்திரை விசுவுக்கு வருஷா வருஷம் காந்திமதி பாபநாசம் குளிக்கப் போவாள். சாயங்காலம் ஒரு துணிப்பையோடு திரும்பி வருவாள். பையில் என்ன என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"அன்னைக்கு என்ன வெரட்டி விட்டியல்லா?" ஆவுடை முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "பின்வாசல்ல மதினி மறிச்சுக்கிட்டாவ. பெட்டியோட வாங்கிக்கிட்டாவ. 'ஒரு வருசம் டின்னுல போட்டு மூடி வைங்க மதினி, பெறவு ஏத்துங்க. மட்டிப்பாலும் தேனும் அடங்கணும், இப்ப ஏத்துனா பச்ச வாடைதான் அடிக்கும்'னு சொன்னேன். அப்படியே செஞ்சிருக்காவ. மறுவருசம் விசுவுக்கு இங்கயே வந்து நின்னாவ. 'ஆவுடை, நீ உருட்டுனத ஒங்க அண்ணாச்சி ஆகா ஓகோங்காவ, இன்னும் வேணும்'னாவ."

"நான் திருப்பி அனுப்புன அதே சரக்கா?"

"அதே சரக்கு. அதுக்குப் பெறவு வருசா வருசம் ஒரு டின்னு. ஒங்க கடைப் பெட்டிக்குள்ள போட்டு வச்சிருவாவளாம்."

"ஏன்? என் கடையில இல்லாத பத்தியா?"

ஆவுடை என்னைப் பார்த்த பார்வையில் இப்போது கேலி இல்லை. "அண்ணாச்சி, மெய்யாவே ஒங்களுக்குத் தெரியாதா? எண்ணெப் பத்திப் பொகை மதினிக்கு ஆகாதுல்லா. ரெண்டு இழுப்பு இழுத்தா இருமி இருமிக் கண்ணு வெளிய வந்துரும். கடைக்குச் சோறு கொண்டாந்தாக்கூட எதுத்த பக்கம் நின்னுக்கிடுவேம்பாவ."

எதிர்ச்சாரி. முந்தானை. அடக்கமானவள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேனே.

பிறகு மரக்கால் நெல் ஞாபகம் வந்தது. கட்டுக் கட்டாகத் தாழம்பூ. முகம் தெரியாத புகை. உயிரோடு இருக்கையில் அவள் ஒதுங்கி நின்ற புகையை, ஒதுங்க முடியாமல் கிடந்த அன்றைக்கு அவள் முகத்துக்கு நேரே நான் போட்டேன். எழுந்து போய் மழையில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு பெண் குடையைக் கொண்டுவந்து பிடித்தாள்.

உள்ளே வந்து கேட்டேன். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"நானும் கேட்டேன். 'அவியளுக்கு அந்தக் கடைதான் எல்லாம். அது எனக்கு ஆகலன்னு எப்படிச் சொல்ல'ன்னாவ. அதுவும் போக, மதினிக்கு அதுல ஒரு வெளையாட்டுல்லா!" ஆவுடை எழுந்து நின்றாள். கண்ணை இறுக மூடி, மார்பை நிமிர்த்தி, மூக்கை உயர்த்தி மூச்சை இழுத்தாள். "'யார் கைச் சரக்கு? நம்ம சரக்குல்லா!' வருசா வருசம் இங்கன நின்னு ஒங்கள மாதிரியே நடிச்சுக் காட்டுவாவ. நாங்க சிரிச்சுச் சிரிச்சு வயிறு புண்ணாயிரும்."

அந்தக் குரல் என் குரல் இல்லை. என் குரலைக் காந்திமதி எப்படிப் பேசுவாளோ அந்தக் குரல். கடைசியில் மடிந்த உதடு ஆவுடையின் உதடு இல்லை.

"இன்னொரு தடவை செய்யி" என்றேன்.

"அண்ணாச்சி..."

"செய்யி ஆவுடை. மெதுவா செய்யி."

செய்தாள். நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

டின்

வந்த காரியத்தைச் சொன்னேன். ஆவணியில் தலைத் திவசம். எவ்வளவு கேட்டாலும் தருகிறேன், ஒரு கட்டுப் பத்தி வேண்டும்.

ஆவுடை தலையை ஆட்டினாள். "அடங்குன சரக்கு எல்லாம் பார்சல் போயாச்சு. இன்னா உருட்டுதோமே, இது அடுத்த விசுவுக்குத்தான் வாய் தெறக்கும். ஆமா, போன வருசம் மதினி கொண்டு போன டின்னுல பாதிக்கு மேல இருக்கணுமே? நாலு மாசந்தான ஏத்திருப்பாவ."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினாறு முடிந்த மறுநாள் அடுக்களைப் பரணில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. லேபிள் இல்லாத பத்தி. தொட்டேன், பிசுபிசுத்தது. ஏதோ கழிவுச் சரக்கு என்று நினைத்தேன். லேபிள் இல்லாததை நான் முகர்ந்து பார்ப்பதில்லை.

"பால்காரர்ட்ட குடுத்துட்டேன்."

"பால்காரர்ட்டயா? எதுக்கு?"

"மாட்டுக் கொட்டகையில கொசுவுக்கு."

ஆவுடை ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். "ரெண்டாம் தடவையும் திருப்பி அனுப்பிட்டியளே அண்ணாச்சி! மதினி கேட்டா எப்படி நடிச்சுக் காட்டுவாவ!" பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் நானும் சிரித்தேன். அவள் போனதிலிருந்து நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

நானும் லேசில் விடுகிற ஆள் இல்லை. என் கடையில் உன் பத்தியை வைக்கிறேன், என் படம் போட்ட பெட்டியில் தமிழ்நாடு முழுக்க ஓடும் என்றெல்லாம் பேசிப் பார்த்தேன். "ஒங்க படம் இல்லாமயே சிங்கப்பூர் போவுது" என்றாள். வியாபாரத்தில் என்னை அப்படி மடக்கினவர்கள் குறைவு.

எழுந்து செருப்பை மாட்டினேன்.

"இருங்க" என்று உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு டின் இருந்தது. மூடியில் சாக்பீஸால் 'காந்திமதி மதினி' என்று எழுதியிருந்தது.

"போன விசுவுக்கு வந்தப்பவே மதினி இந்த வருசத்துக்குச் சொல்லிட்டுப் போனாவ. அன்னைக்கே உருட்டி அடச்சது. யார் யாரோ கேட்டாவ, குடுக்கல. இது வித்த சரக்கு. மதினி சரக்கு. கடைக்காரரா வந்து கேட்டா இத நான் தரமாட்டேன் அண்ணாச்சி. மதினி வீட்டு ஆளா எடுத்துட்டுப் போங்க."

ரயிலில் டின்னை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். திறக்கவில்லை. முகர்ந்தும் பார்க்கவில்லை.

அடுக்களை வாசல்

திவசத்தன்று அவள் படத்துக்கு முன்னால் ஒரே ஒரு பத்தி ஏற்றினேன். சண்முகம் வந்திருந்தார். "என்ன வே, பத்திக் கடைக்காரர் வீட்ல ஒத்தப் பத்தியா?" என்று காதோரம் கேட்டார். கொஞ்ச நேரத்தில் அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். என் மூக்கு தப்பவில்லை. இருபது வருஷமாக, இதுதான் நல்ல பத்தி என்று அது தினமும் சரியாகத்தான் சொன்னது. யார் கை என்று என்னால்தான் சொல்ல முடியவில்லை.

கடைப் படிக்குப் பக்கத்தில் பத்தி புகைய வைப்பதை நிறுத்திவிட்டேன். வியாபாரம் குறைந்துவிடும் என்று சங்கர் சொல்கிறான். குறையட்டும். இனிமேல் படி ஏற அவள் வரப்போவதில்லைதான். இருந்தாலும் வழியில் புகை வேண்டாம்.

டின்னில் இன்னும் சில மாதத்துக்குப் பத்தி இருக்கிறது. அடுத்த விசுவுக்கும் ஆவுடையிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மூடியில் பேரை மாற்ற வேண்டாம் என்று சொன்னேன். "மாத்துவனா?" என்றாள்.

இப்போது காலையில் நானே ஏற்றுகிறேன். பாதி எரிந்ததும் நுனியை நசுக்கி முருகன் படத்துக்குப் பின்னால் செருகுகிறேன், சாயங்காலத்துக்கு ஆகும். உமா காப்பியைக் கொடுத்துவிட்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவாள். டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு அடுக்களை வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். புகை கூடத்துக்கு வந்து சேரட்டும். கருப்பட்டி வரும். வெட்டிவேர் வரும். மூச்சை விட்ட பிறகு அந்தக் குளிர்ச்சி வரும்.

யாரும் கேட்பதில்லை. "ஒன் சரக்குல்லா" என்று சொல்லிவிட்டுத்தான் காப்பியில் வாய் வைக்கிறேன்.